இனுயிட் தொண்டைப் பாட்டு: புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இணையத்தில் தொண்டைப் பாட்டு என்று தேடினால் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பவர்கள் துவாவைச் சேர்ந்த ஆண்கள். தென் சைபீரியாவில், மங்கோலியாவை ஒட்டி இருக்கும் குடியரசு அது. ஒரே ஆள் ஒரே மூச்சில் அடியில் ஒரு கனத்த சுருதியையும் மேலே சீழ்க்கை போன்ற இன்னொரு சுரத்தையும் எழுப்புவார். அற்புதமான வித்தைதான். ஆனால் இங்கே சொல்லப்போவது வட கனடாவில் இரண்டு இனுயிட் பெண்கள் எதிரெதிரே நின்று மூச்சால் ஆடும் ஆட்டத்தைப் பற்றி. கட்டஜ்ஜக் என்று அதற்குப் பெயர். இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால் புதியவர்கள் வாசலிலேயே வேறு வீட்டுக்குள் போய்விடுகிறார்கள்.

டொரண்டோ, மொன்றியல், ஒட்டாவா பக்கம் இருக்கும் தமிழர்கள் இதை நேரிலேயே கேட்கலாம். அதற்கான குறிப்புகள் கடைசியில் இருக்கின்றன. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர்களுக்கு ஒரு நல்ல ஹெட்போன் போதும். கைபேசியின் ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள். அடிக்குரலை அது விழுங்கிவிடும், மிஞ்சுவது வெறும் இரைச்சல்.

முதல் படி: பெயர்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

பள்ளிக்கூடத்தில் பனிவீட்டுப் படத்தோடு படித்த ‘எஸ்கிமோ’வை விட்டுவிடுங்கள். கனடாவில் அதை இழிசொல்லாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மக்கள் இனுயிட், ஒருவரை மட்டும் சொன்னால் இனுக். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கனடாவில் சுமார் 70,500 இனுயிட் இருக்கிறார்கள். பத்துக்கு ஏழு பேர் இனுயிட் நுனங்கட் என்னும் தாயகத்தில் வாழ்கிறார்கள். மேற்கே இனுவியாலுயிட் பகுதி, அடுத்து நுனாவுட், வட கியூபெக்கில் நுனாவிக், லாப்ரடார் கரையில் நுனட்சியாவுட் என்று அது நான்காகப் பிரிந்திருக்கிறது.

தொண்டைப் பாட்டு இந்த நான்கிலும் ஒரே அளவில் இருந்ததில்லை. நுனாவிக், பாஃபின் தீவு, ஹட்சன் விரிகுடாவின் மேற்குப் பக்கம் ஆகியவைதான் அதன் பழைய இருப்பிடங்கள். கட்டஜ்ஜக் என்பதும் நுனாவிக், தென் பாஃபின் பக்கத்துப் பெயர்தான். மற்ற ஊர்களில் வேறு பெயர்கள் உண்டு. கிலாவுட் என்னும் அகன்ற கைப்பறையைச் சுழற்றி அடித்தபடி ஆடிப் பாடுவது இன்னொரு மரபு. அதில் கதை இருக்கும், பாடலுக்குச் சொந்தக்காரர் இருப்பார், ஆண்களும் ஆடுவார்கள். மேடைகளில் இரண்டும் அடுத்தடுத்து வருவதால் ஒன்றோடு ஒன்றைக் குழப்பிக்கொள்வது எளிது.

இரண்டாம் படி: கேட்கும் வரிசை

பலரும் நேரே பாடகி தான்யா தகாக்கிடம் போய்விடுகிறார்கள். நான் அதைச் சொல்லமாட்டேன். அவரை நான்காவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஷைனா நோவலிங்காவும் அவர் தாய் கரோலினும் சேர்ந்து பாடும் சிறு காணொளிகள். நுனாவிக்கின் புவிர்நிதுக் ஊர்க் குடும்பம் அது. டிக்டாக் வழியாக உலகெங்கும் போய்ச் சேர்ந்தார்கள். முகம், கை, மூச்சு மூன்றும் அருகில் தெரியும். முக்கியமாக, பாட்டு முடியும்போது இருவரும் சிரிப்பது தெரியும்.

அடுத்து அதே ஊரைச் சேர்ந்த அலாசி துல்லாவுகக், லூசி அமருவாலிக் இணையின் பதிவுகள். அலங்காரம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு பாட்டும் ஓரிரு நிமிடம்தான் வரும். இந்த மரபுக்கு அதுவே இயல்பான நீளம்.

மூன்றாவதாக பிக்சிக். டிஃபனி அயலிக், இனுக்சுக் மக்கே என்னும் சகோதரிகள். தங்கள் குரலையே கருவியில் பதிந்து, அடுக்கடுக்காகத் திருப்பி ஓடவிட்டு, அதன் மேல் பாடுவார்கள். மரபு எங்கே நிற்கிறது, கருவி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் கேட்க நல்ல பயிற்சி.

அதற்குப் பிறகு தகாக். நுனாவுட்டின் கேம்பிரிட்ஜ் பேயில் பிறந்தவர். ஹாலிஃபாக்ஸில் ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா அனுப்பிய ஒலிநாடாக்களைக் கேட்டுத்தான் தொண்டைப் பாட்டைப் பழகினார். எதிரே நிற்க ஆள் இல்லை. இரண்டு பேர் பகிர்ந்துகொள்ள வேண்டிய மூச்சையும் உறுமலையும் ஒருவரே எடுத்துக்கொண்டதில் அவருடைய தனிப்பாணி பிறந்தது. 2004-ல் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் ஆல்பத்தில் பாடினார். 2014-ல் கனடாவின் போலாரிஸ் இசைப் பரிசை வென்றார். இவரை முதலில் கேட்டால் இதுதான் இனுயிட் மரபு என்று தோன்றிவிடும். மரபான ஆட்டத்தைக் கேட்டுவிட்டு வந்தால், இவர் எதை விட்டு எதைச் சேர்த்திருக்கிறார் என்பது தானே விளங்கும்.

மூன்றாம் படி: காதுக்கு என்ன வேலை

இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இரண்டு பெண்கள் முகத்துக்கு முகம் நின்று ஒருவர் முன்கையை மற்றவர் பிடித்துக்கொள்வார்கள். உடல் லேசாக அசையும். சில பகுதிகளில் உதடுகள் கிட்டத்தட்ட உரசும் அளவுக்கு நெருங்கி, எதிராளியின் வாயையே எதிரொலிக்கும் குடமாக்கிக்கொள்வதும் உண்டு. ஒருத்தி ஒரு சிறு ஒலித்துணுக்கைத் தொடங்குவாள். இரண்டு மூன்று அசைதான் இருக்கும்; அதற்குப் பின் ஒரு சின்ன இடைவெளி, மறுபடி அதே துணுக்கு. மற்றவள் அந்த இடைவெளிக்குள் தன்னுடையதை வைப்பாள்.

ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போட்டு நெல் குத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒருத்தியின் உலக்கை மேலே போகும் நேரத்தில்தான் மற்றவளுடையது விழ வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் இரண்டும் மோதிக்கொள்ளும்.

துணுக்குக்குள் நான்கு வகை ஒலி இருக்கிறது: குரலோடு வெளிவிடும் மூச்சு, குரலோடு உள்ளிழுக்கும் மூச்சு, குரல் இல்லாமல் வெளிவிடுவது, குரல் இல்லாமல் உள்ளிழுப்பது. நம் சங்கீதத்தில் மூச்சு எடுக்கும் சத்தம் கேட்டால் பாடகருக்குக் குறை. இங்கே மூச்சு எடுப்பதே பாட்டின் பாதி. உள்ளிழுக்கும்போதும் ஒலி எழுப்புவதால்தான் நடுவில் நிற்காமல் ஓட முடிகிறது.

ஒரே பதிவை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை அடியில் உறுமும் குரலை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை அதை விட்டுவிட்டு மூச்சை மட்டும். மூன்றாம் முறை, தொடங்கியவள் எந்த இடத்தில் துணுக்கை மாற்றுகிறாள், எதிரே இருப்பவள் எத்தனை சுற்றில் அதற்கு ஈடுகொடுக்கிறாள் என்று பாருங்கள். மாற்றம் வருவதைக் காது பிடித்துவிட்டால் பாதி கிணறு தாண்டியாயிற்று. விளையாட்டின் சூட்சுமமே அந்த இடத்தில்தான். தொடங்கியவள் வேகம் கூட்டி, துணுக்கை மாற்றி, எதிராளியைத் தடுமாற வைக்கப் பார்ப்பாள். மூச்சு தீர்ந்தவரோ, தாளம் தப்பியவரோ, முதலில் சிரித்தவரோ தோற்றவர். ஆகவே கடைசியில் வரும் சிரிப்பைப் பாடகிகளின் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். 2015 நவம்பர் 4-ல் கனடாவின் புதிய அமைச்சரவை ஒட்டாவாவில் பதவியேற்றபோது இரண்டு இனுயிட் சிறுமிகள் பாடினார்கள். பாட்டு சிரிப்பில் முடிந்தது; கூடியிருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். விறைப்பான ஓர் அரசு விழாவில் மரபு அதன் முறைப்படியே முடிந்தது.

பாட்டில் என்ன சொல்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் எதுவும் ‘சொல்வதில்லை’. ஆற்றோட்டம், காற்று, கொசு, வாத்தின் கூவல், நாய்க்குட்டி, ரம்பம் அறுப்பது, பனிச்சறுக்கு வண்டியின் அடிக்கட்டையைத் தேய்த்து வழவழப்பாக்குவது என்று சுற்றியுள்ள ஒலிகளைப் பிடிப்பார்கள். இடையில் பொருளற்ற அசைகள் வரும், ஊர்ப் பெயர், மூதாதையர் பெயர் வரும், பாடுபவர்களுக்கே பொருள் தெரியாத பழஞ்சொற்களும் வரும். ஆண்கள் வேட்டைக்குப் போயிருக்கும் நீண்ட குளிர்கால நாட்களில் பெண்களுக்கு இது பொழுதுபோக்கு. கூடிக் கொண்டாடும் வேளைகளில் போட்டி. அமாவுட்டி என்னும் மேலங்கியின் முதுகுப் பைக்குள் குழந்தையைச் சுமந்தபடியே தாய்மார் பாடுவதும் உண்டு. அப்படிச் சுமக்கப்பட்ட பிள்ளைக்குத் தாயின் முதுகு அதிர்வதிலேயே தாளம் பழகிவிடும்.

இதற்கு உறவுபோலத் தோன்றும் இன்னொரு மரபு சகலின் தீவின் ஐனு மக்களிடம் இருந்தது. ரெகுக்கரா என்று பெயர். அங்கே இரு பெண்கள் கைகளைக் குவித்துக் குழாய்போல ஆக்கி, ஒருவர் வாய்க்குள் மற்றவர் குரலைச் செலுத்துவார்கள். ஆர்வம் இருப்பவர்கள் பிறகு தேடிப் பாருங்கள்.

நான்காம் படி: நடுவில் ஏன் அறுந்தது

இதைத் தவிர்த்துவிட்டு இசையை மட்டும் ரசிக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். முடியாது. இன்றைக்குப் பாடும் பெண்களில் பலர் பாட்டியிடம் கற்றிருக்கிறார்கள், அல்லது ஒலிநாடாவிலும் பட்டறையிலும் கற்றிருக்கிறார்கள். அம்மாவின் தலைமுறை பல வீடுகளில் தாண்டப்பட்டிருக்கிறது. காரணம் வேண்டாமா?

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் வடக்கே போன கிறிஸ்தவ மதபோதகர்கள் பல ஊர்களில் இந்த ஆட்டத்தைத் தடுத்தார்கள். பறையும் ஆவி நம்பிக்கையும் போனதோடு பெண்களின் இந்த விளையாட்டும் அநாகரிகம் என்ற பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகு, குறிப்பாக 1950-களிலிருந்து, பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். அங்கே தாய்மொழி பேசினால் தண்டனை. கனடா அரசு அந்தப் பள்ளிகளுக்காக 2008 ஜூன் 11-ல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது.

தொண்டைப் பாட்டு ஏன் இவ்வளவு சீக்கிரம் ஆட்டம் கண்டது என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு கதையை ஒரு கிழவி தனக்குள் வைத்துக்கொண்டு முப்பது வருடம் கழித்துச் சொல்லலாம். இந்த ஆட்டத்துக்கு அதே ஊரில், அதே துணுக்குகள் தெரிந்த இன்னொருத்தி வேண்டும். அவள் போய்விட்டால் இருப்பவளுக்கும் ஆட இடமில்லை. ஆவணக் காப்பகத்தில் எத்தனை மணி நேரப் பதிவு இருக்கிறது என்பதைவிட ஓர் ஊரில் எத்தனை இணைகள் இருக்கின்றன என்பதுதான் இந்தக் கலையின் உடல்நிலையைக் காட்டும்.

மீட்பும் அப்படித்தான் நடந்தது. 1970-களில் மொன்றியல் பல்கலைக்கழக இசை ஆய்வாளர்கள் முதிய பெண்களின் பாட்டைப் பதிந்தார்கள். அவர்களில் ழான்-ழாக் நாத்தியே முக்கியமானவர். பதிவுகள் உதவின. ஆனால் ஊர்களில் பாட்டுத் தெரிந்த சில மூதாட்டிகள் இளம்பெண்களை எதிரே நிறுத்திச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் பாட்டு மறுபடி நடமாடத் தொடங்கியது. நுனாவிக்கின் பண்பாட்டுக்கென்று 1980-ல் தொடங்கிய அவாடக் நிறுவனமும் துணை நின்றது. 2001-ல் புவிர்நிதுக்கில் தொண்டைப் பாடகிகள் ஒன்றுகூடினார்கள். 2014-ல் கியூபெக் மாநிலம் தன் சட்டப்படி அறிவித்த முதல் தொட்டுணர முடியாப் பண்பாட்டுச் செல்வம் கட்டஜ்ஜக்தான்.

ஐந்தாம் படி: நீங்களே முயன்று பார்க்கலாமா

மூச்சின் அமைப்பை உடம்பால் உணர்ந்துகொள்ளும் அளவுக்கு வீட்டில் பார்க்கலாம். முதலில் குரல் இல்லாமல், வாயைச் சற்றே திறந்து, சிறு சிறு மூச்சாக வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே. தாளம் பிசகாமல் வந்தபின் வெளிமூச்சில் மட்டும் தாழ்ந்த குரல் சேருங்கள். ‘ஹம்-மா’ போன்ற இரண்டு அசையில் தொடங்குவது பட்டறைகளில் பரவலான வழக்கம். அதன் பிறகு உள்மூச்சிலும் குரல். இங்கேதான் இருமல் வரும். தொண்டையை இறுக்கினால் எரியும். ஒலியை நெஞ்சுப் பக்கம் இறக்கினால் எளிதாகும். தலை கிறுகிறுத்தால் உடனே நிறுத்தி உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்தப் பரிசோதனையை விட்டுவிடுவது நல்லது.

அதற்கு மேல் போக விரும்பினால் இனுக் ஆசிரியர் நடத்தும் பட்டறைக்குப் போங்கள், கட்டணத்தைக் கொடுங்கள். பட்டறையில் கற்றதை மேடையிலோ ஆல்பத்திலோ உங்கள் பெயரில் வைக்கலாமா? கூடாது என்பது என் கருத்து, பல இனுயிட் பாடகிகளின் கருத்தும் அதுவே. 2019-ல் கனடாவின் பழங்குடி இசை விருதுகளில் இனுயிட் அல்லாத வேறொரு பழங்குடிக் கலைஞரின் ஆல்பம் பரிந்துரைக்கப்பட்டது. அதில் தொண்டைப் பாட்டுப் பாணி இருந்தது. தகாக், பிக்சிக் உள்ளிட்டோர் விருதையே புறக்கணித்தார்கள். சொந்தப் பாட்டிகளுக்கு மறுக்கப்பட்ட ஒன்றைப் பிறர் எடுத்துப் பெயர் வாங்குவது அவர்களுக்கு வலிக்காமல் எப்படி இருக்கும்? யூடியூப் பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி உங்கள் குறும்படத்துக்குப் பின்னணி ஆக்குவதும் இதே கணக்கில்தான் வரும்.

ஆறாம் படி: மொழிப் பக்கம் ஓர் எட்டு

பாட்டில் சொல் குறைவு என்றாலும், பாடகிகளின் பேட்டிகளையும் கதைகளையும் தொடர இனுக்டிடூட் மொழியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. தமிழருக்கு இது மிரட்டாது. விகுதிமேல் விகுதி சேர்ந்து ஒரு முழு வாக்கியமே ஒரு சொல்லாகிவிடும். நமக்கு அந்தச் சங்கதி ஓரளவு பழக்கம்தான். ஒருமை, பன்மையோடு இருமையும் உண்டு: ஒருவர் இனுக், இருவர் இனூக், அதற்கு மேல் இனுயிட்.

எழுத்து இன்னும் சுவை. நுனாவிக்கிலும் நுனாவுட்டின் பெரும்பகுதியிலும் அசையெழுத்து முறை புழங்குகிறது. க்ரீ மொழிக்காக ஜேம்ஸ் எவான்ஸ் என்ற பாதிரியார் 1840 வாக்கில் அமைத்த எழுத்தைப் பிறகு இனுக்டிடூட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். மெய்க்கு ஒரு வடிவம், உயிருக்கு அதன் திசை. ப-வரிசை ஒரு முக்கோண முனை: மேலே பார்த்தால் பி, வலப்பக்கம் பார்த்தால் பு, இடப்பக்கம் பார்த்தால் ப. மேலே ஒரு புள்ளி வைத்தால் நெடில். தனி மெய்யைச் சிறிதாக, சற்று உயர்த்தி எழுதுவார்கள். உயிர்மெய் அட்டவணை ஒன்றைப் போட்டுக்கொண்டால் ஒரு வார இறுதியில் படிக்கப் பழகிவிடலாம். பொருள் புரிவது வேறு விஷயம், அதற்கு ஆண்டுகள் ஆகும்.

2021 ஜனவரியில் தொடங்கிய உவாகுட் டிவி முழுக்க இனுயிட் மொழியில் ஒளிபரப்பாகிறது, இணையத்திலும் பார்க்கலாம். 2024 அக்டோபரில் கூகுள் மொழிபெயர்ப்பு இனுக்டூட்டை (இனுயிட் மொழிவகைகளின் பொதுப்பெயர்) சேர்த்தது. ஒரு சொல்லின் குறிப்பு அறிய உதவும். வாழ்த்தட்டை எழுத அதை நம்பாதீர்கள்.

இது பெருமைப்பட்டு ஓய வேண்டிய நிலைமை என்று நினைக்கவும் வேண்டாம். 1999 ஏப்ரல் 1-ல் தனி ஆட்சிப்பகுதியான நுனாவுட், 2008-ல் இனுயிட் மொழிப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டின் கல்விச் சட்டம், 2019-க்குள் எல்லா வகுப்புகளிலும் இருமொழிக் கல்வி என்று வாக்களித்தது. நடக்கவில்லை, மொழி தெரிந்த ஆசிரியர்கள் போதவில்லை. 2020-ல் கொண்டுவந்த திருத்தம் கெடுவை 2039 வரை தள்ளிவிட்டது. அடுத்த ஆண்டு நுனாவுட் இனுயிட்டின் சட்டபூர்வப் பிரதிநிதி அமைப்பான நுனாவுட் துங்காவிக் நீதிமன்றத்துக்குப் போனது. வாத்தியார் இல்லாத மொழிச் சட்டம் எங்கே போய் நிற்கும் என்பதை இலங்கையிலும் இந்தியாவிலும் அரச அலுவலகப் படி ஏறியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஏழாம் படி: நேரில் போகும்போது

வடக்கே போக வேண்டும் என்ற அவசியம் இல்லை. நுனாவுட்டுக்கும் தெற்கிலிருந்து சாலை கிடையாது, நுனாவிக்கின் 14 ஊர்களுக்கும் கிடையாது. விமானக் கட்டணமோ கண்ணைக் கட்டும். ஒட்டாவா போதும். வடக்கைவிட்டு வந்த இனுயிட் சமூகம் அங்கே பெரிது. நுனாவுட் சிவுனிக்சாவுட் என்னும் கல்லூரியில் படிக்கவரும் இளைஞர்கள் தொண்டைப் பாட்டும் பறையும் பழகி நிகழ்ச்சிகளில் பாடுகிறார்கள். ஜூன் 21 தேசியப் பழங்குடியினர் நாளையும், நவம்பர் 7 அனைத்துலக இனுயிட் நாளையும் குறித்துவையுங்கள். வின்னிபெக் போனால் 2021-ல் திறந்த கௌமஜுக் இனுயிட் கலைக்கூடத்தைப் பார்க்காமல் வராதீர்கள். நுனாவுட்டின் தலைநகர் இக்காலுவிட் வரைக்கும் போகிற வசதி இருந்தால் கோடையின் அலியானாயிட் கலை விழாவைப் பார்த்துப் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சியில் முன்வரிசைக்குப் போங்கள். ஒலிபெருக்கிக்கு அருகே இருப்பதைவிடப் பாடகிகளின் முகம் தெரிவது முக்கியம். காணொளி எடுக்குமுன் கேளுங்கள். குழந்தைகள் பாடினால் கேட்டாலும் எடுக்காமல் விடுவது உத்தமம். பாட்டு முடிந்து அவர்கள் சிரித்தால் நீங்களும் தாராளமாகச் சிரிக்கலாம். ‘இன்னொரு தடவை, எங்களுக்காக’ என்று வற்புறுத்தாதீர்கள், இரண்டு நிமிடப் பாட்டுக்கு வாங்கும் மூச்சு கொஞ்சநஞ்சமல்ல.

நன்றி சொல்ல நுனாவிக்கில் நகுர்மீக், நுனாவுட்டில் பரவலாகக் குயன்னமீக். எதைச் சொல்வது என்று குழம்பினால் எந்த ஊர் என்று பாடகியிடமே கேட்டுவிடுங்கள். தன் ஊரைச் சொல்லி, பாட்டு எந்த ஊருடையது, யாரிடம் கற்றது என்பதையும் சேர்த்துச் சொல்வார். அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டால் வீட்டுக்கு வந்து அடுத்து எதைத் தேடிக் கேட்பது என்று உங்களுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்காது.